விக்டோரியா பூங்காவில் ஜூன் 4

2019இல் ஹாங்காங்கில் வேலை பார்த்தேன். ஜூன் 4 மாலை, அலுவலகத் தோழி ஒருவர் என்னை விக்டோரியா பூங்காவுக்கு அழைத்துப் போனார். கால்பந்துத் திடல்கள் நிரம்பி வழிந்தன. எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி. மெழுகு விரலில் சொட்டாமலிருக்கக் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். 1989இல் பெய்ஜிங்கில் ஜனநாயகம் கேட்டு நடந்த போராட்டத்தை ஒடுக்க ராணுவம் சுட்டுக் கொன்றவர்களுக்கு அஞ்சலி. கம்யூனிஸ்ட் கட்சி மட்டுமே ஆளும் நாட்டில் இவ்வளவு பெரிதாக அதைச் செய்ய முடிந்த ஒரே இடம் அதுதான். கூட்டம் கலைந்ததும் தொண்டர்கள் குனிந்து, தரையில் உறைந்த மெழுகைச் சுரண்டி எடுத்தார்கள். இவர்களைக் கண்டா ஓர் அரசு அஞ்ச வேண்டும்?

அஞ்சியது. 2020இல் கொரோனாவைக் காட்டித் தடை விதித்தார்கள். அந்த ஜூன் முடிவதற்குள், அரசு எதிர்ப்பைக் கடுமையாகத் தண்டிக்கும் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2021 ஜூன் 4 காலையிலேயே, நிகழ்ச்சியை நடத்திவந்த கூட்டணியின் துணைத்தலைவரான வழக்கறிஞர் சௌ ஹாங்-துங்கைக் கைது செய்தார்கள். செப்டம்பரில் கூட்டணியே கலைந்தது. கொரோனா போன பிறகும் அஞ்சலிக்கு அனுமதி இல்லை. 2023இல் அதே நாளில் அதே பூங்காவில் உணவுச் சந்தை நடந்தது. தோழியிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "போனில் வேண்டாம்" என்றார்.

*

மேலே எழுதியவர் பூங்காவைச் சொன்னார். நான் சிலையைச் சொல்கிறேன். ஹாங்காங் பல்கலைக்கழக வளாகத்தில், 1989இல் கொல்லப்பட்டவர்களின் நினைவாக 'அவமானத் தூண்' என்ற எட்டு மீட்டர் சிற்பம் நின்றது. முறுக்கிக்கொண்டு கிடக்கும் உடல்கள், வாய் பிளந்த முகங்கள். ஆண்டுதோறும் மாணவர்கள் அதைக் கழுவுவார்கள். நான் போன அன்று ஒரு மாணவி, ஒரு முகத்தின் கண்குழியில் படிந்திருந்த அழுக்கை ஈரத்துணியால் பொறுமையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே நடந்த படுகொலை அது. "செத்தவர்களுக்கும் என் வயதுதான்" என்றார்.

2021 டிசம்பரில் பல்கலைக்கழக நிர்வாகம் அதை இரவோடிரவாகத் திரைபோட்டு மறைத்து, துண்டாக்கி எடுத்துப் போனது. 2023 மே மாதம் போலீஸ் அதை வழக்குக்கான ஆதாரம் என்று கைப்பற்றியது. ஒரு சிலையை! 2024இல் ஒரு கலைஞர் காஸ்வே பே தெருவில் நின்று காற்றில் விரலால் 8964 என்று எழுதினார். 1989 ஜூன் (6) 4 என்ற நாளைக் குறிக்கும் எண் அது. அவரையும் போலீஸ் கூட்டிப்போனது.

அங்கே நண்பர்கள் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாட்ஸ்அப்பில் அவர்களிடம் இதைக் கிளறாதீர்கள். நாம் விமானம் ஏறி வந்துவிடுவோம்; மாட்டிக்கொள்வது அவர்கள்.