படிக்கட்டில் ஒண்டியிருக்கும் பூனையை வீட்டுக்குள் எடுக்கலாமா? மகனுக்கு ஒவ்வாமை இருக்குமோ என்று ஐயம் (மும்பை)

மூன்றாம்மாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஒரே படுக்கையறை உள்ள வீட்டில் நாங்கள் நால்வர் இருக்கிறோம். மழை பிடித்ததிலிருந்து ஒரு பெட்டைப் பூனைக்குட்டி எங்கள் தளத்துப் படிக்கட்டில், மின்சார மீட்டர் பெட்டிக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. நான்கைந்து மாதம் இருக்கலாம். சாம்பல் நிறத்தில் கறுப்பு வரிகள். இடது காதின் ஓரத்தில் மட்டும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது. என் மூத்த மகள் தினமும் பால் வைக்கிறாள். கதவைத் திறந்தால் உள்ளே வந்து செருப்பு அலமாரியின் மேல் உட்கார்ந்துகொள்கிறது.

என் கவலை ஆறு வயது மகனைப் பற்றியது. கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் இருந்தது. இப்போது ஒவ்வொரு மழைக்காலத்திலும் இரவில் இருமலும் இளைப்பும் வருகின்றன. மருத்துவர் ஸ்பேசர் (மருந்தை உள்ளிழுக்க உதவும் குழாய்) வைத்து இன்ஹேலர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். என் கணவருக்குக் காலையில் எழுந்தால் வரிசையாகத் தும்மல். இந்தப் பூனையோடு மகன் விளையாடிய பிறகு கண்ணைக் கசக்கினான். அவனுடைய முன்கையில் காசளவுக்கு வட்டமாகச் சிவந்த தடிப்பு ஒன்று வந்திருக்கிறது. ஒரு வாரத்துக்கு மேலாகியும் மறையவில்லை.

பூனை முடி வயிற்றுக்குள் போனால் ஆஸ்துமா வரும் என்று என் மாமியார் உறுதியாகச் சொல்கிறார். பூனை வளர்க்கும் தோழி ஒருத்தியோ, சிறு வயதில் பிராணிகளோடு வளரும் பிள்ளைகளுக்கு ஒவ்வாமையே வராது என்கிறாள். இரண்டு வாரம் உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, மகனுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்ப வெளியே விட்டுவிடலாம் என்பது கணவரின் யோசனை. அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

மாட்டுங்காக்காரன் எழுதியது:

சகோதரி, நான் ஒரு மருத்துவமனையின் நுரையீரல் பிரிவில் மூச்சுப் பரிசோதனை செய்யும் பணியில் இருக்கிறேன். மருத்துவர் அல்லன், ஆகவே நான் சொல்வதை உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்பதற்கான கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாமியார் சொல்வது. பூனை ஒவ்வாமை என்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் முடியும் அல்ல, வயிறும் அல்ல. பூனையின் எச்சிலிலும் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகும் ஒரு புரதமே முக்கியக் காரணம். மருத்துவர்கள் அதை ஃபெல் டி 1 என்பார்கள். பூனை நாள் முழுவதும் தன்னை நக்கிக்கொள்வதால் இந்தப் புரதம் உடல் முழுவதும் பூசப்பட்டு, காய்ந்து, மிக நுண்ணிய துகள்களாகக் காற்றில் மிதக்கிறது. முடி உதிர்வதைப் பெருக்கித் தள்ளிவிடலாம், இதை அப்படித் தள்ள முடியாது; மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், துணியில் ஒட்டிக்கொண்டு பூனையே இல்லாத வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்ச்சேரும். முடி குறைவான இனம், முடியே இல்லாத இனம் என்று விற்கப்படும் பூனைகளும் இதற்கு விலக்கல்ல.

உங்கள் தோழி சொல்வதற்கும் ஓர் ஆதாரம் இருக்கிறது. பிறந்த முதல் ஆண்டில் வீட்டில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாயோ பூனையோ இருந்த குழந்தைகளுக்கு ஆறேழு வயதில் ஒவ்வாமைக்கான உடற்குறிகள் குறைவாகக் காணப்பட்டன என்று அமெரிக்காவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. ஆனால் அது முதல் ஆண்டைப் பற்றியது. வேறு ஆய்வுகளின் முடிவுகள் இதோடு எப்போதும் ஒத்துப்போகவும் இல்லை. கரப்பானும் இளைப்பும் ஏற்கெனவே வந்துவிட்ட ஆறு வயதுப் பையனுக்கு, பூனையோடு பழகினால் சரியாகிவிடும் என்று அதிலிருந்து முடிவு கட்டுவதற்கு இடமே இல்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது உங்கள் கணவரின் இரண்டு வாரத் திட்டம்தான். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் அந்தச் சோதனையில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. இப்போது மழைக்காலம். மும்பையில் இந்த மாதங்களில் காற்றின் ஈரப்பதம் பல நாள்களில் எண்பது விழுக்காட்டைத் தாண்டுகிறது. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிச் சிற்றுண்ணிகள் பெருகுவதற்கு அது போதும். ஓதம் காத்த சுவரில் பூஞ்சை, சமையலறையில் கரப்பான்பூச்சியின் எச்சம், சன்னலை மூடிக்கொண்டு ஏற்றும் கொசுவர்த்திச் சுருள் என்று இளைப்பைத் தூண்டுவதற்கு வேறு பலவும் இருக்கும்போது, இரண்டு வாரத்தில் அவன் இருமினால் பழி பூனைமேல் விழும். இருமாவிட்டால் பூனை குற்றமற்றது என்று தீர்ப்பாகிவிடும். இரண்டுமே தவறாக இருக்கலாம். அடுத்த ஓட்டை இதைவிடப் பெரியது: பூனையை வெளியே விட்டாலும் அந்தப் புரதம் அதோடு போய்விடுவதில்லை. மெத்தை, சோபா, திரைச்சீலை ஆகியவற்றிலிருந்து அது பூனை இல்லாத வீட்டின் அளவுக்குக் குறைய நான்கு முதல் ஆறு மாதம் வரை ஆகக்கூடும். ஒரே படுக்கையறை உள்ள வீட்டில் இது சிறிய விஷயம் அல்ல.

பூனையை உள்ளே எடுக்காமலேயே விடை தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தோலில் ஒவ்வொரு பொருளின் சாற்றையும் ஒரு சொட்டு வைத்து இலேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்குப் பதினைந்து, இருபது நிமிடங்களில் விடை தெரியும். பூனையோடு சேர்த்து தூசிச் சிற்றுண்ணி, கரப்பான்பூச்சி, பூஞ்சை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மகனின் மழைக்கால இளைப்புக்கு அவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் பூனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு வழி செய்தாக வேண்டும். லெவோசெட்ரிசின் போன்ற, ஒவ்வாமையை அடக்கும் மருந்து கலந்த சிரப் கொடுத்துவந்தால் அது பரிசோதனையை மறைத்துவிடும். மருத்துவரைக் கேட்டு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். அப்படி நிறுத்த முடியாத பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. இன்ஹேலரை மட்டும் நீங்களாக ஒருபோதும் நிறுத்தாதீர்கள். இந்தப் பரிசோதனைக்காக அதை நிறுத்தத் தேவையும் இல்லை. குத்திய இடத்தில் தோல் தடித்தது என்பதாலேயே நோய் என்று ஆகிவிடாது. பூனையருகே அவனுக்கு உண்மையில் என்ன நேர்கிறது என்பதோடு சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார்.

கோலிவாடா அக்கா எழுதியது:

நான் சயன் கோலிவாடாவில் எங்கள் வளாகத்துப் பூனைகளுக்குச் சோறு வைப்பவள். பூனைக்கு வக்காலத்து வாங்க வந்திருப்பேன் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே எழுதியவர் மூக்கையும் மூச்சையும் பார்த்தார். எனக்கு நீங்கள் எழுதியதில் கண்ணில் பட்டவை அந்தக் காதுப் பொருக்கும் பையனின் கையிலுள்ள வட்டமும்தான்.

ஒவ்வாமையால் வரும் தடிப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளில், இடம் மாறும் அல்லது மறையும். ஒரு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் வட்டமாக நிற்கும் சிவப்பு வேறு கதை. அதன் விளிம்பு உயர்ந்து செதில் தட்டியும் நடுப்பகுதி தெளிந்தும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அது படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பூனைக்குட்டிகளிடமிருந்து குழந்தைகளுக்கு எளிதில் தொற்றுவது அது. பூனையின் காதோரப் பொருக்கும் அதுவாகவே இருக்கலாம், அல்லது சொறி உண்ணியாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு, ஆனால் மருந்து வேறு வேறு. மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவிவிடாதீர்கள். அரிப்பு அடங்கியதுபோல் காட்டி உள்ளே பரவவிடும். தோல் மருத்துவரிடம் பையனையும், கால்நடை மருத்துவரிடம் பூனையையும் காட்டும்வரை அது வீட்டுக்குள் வரவே வேண்டாம். படர்தாமரையின் வித்துகள் துணியிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

மகளிடம் பாலை நிறுத்தச் சொல்லுங்கள். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காது, பேதியாகும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியோ மீனோ, முள் நீக்கி, தண்ணீரோடு வைத்தால் போதும். பூனை கீறி இரத்தம் வந்தாலோ கடித்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ரேபீஸ் தடுப்பூசிக்குப் போக வேண்டும். மாநகராட்சி மருத்துவமனைகளில் போடுகிறார்கள். நாய்க்கடிக்குத்தானே அது என்று அலட்சியமாக இருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. பெட்டைக்குட்டி நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும், ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். இன்று ஒரு பூனைக்கு யோசிக்கிறீர்கள். தீபாவளிக்குள் மீட்டர் பெட்டிக்கு அடியில் ஐந்து இருக்கும். ஆகவே வீட்டுக்குள் எடுக்கிறீர்களோ இல்லையோ, கருத்தடையும் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் அதற்கு வேண்டும். பரேலில் உள்ள பாயி சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இயங்கிவருகிறது, அங்கே விசாரிக்கலாம். கருத்தடை செய்த தெருப்பூனைக்கு அடையாளமாகக் காதின் நுனியைச் சிறிது வெட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து யாரோ கொடுமைப்படுத்தியிருக்கிறார்கள் என்று உங்கள் மகள் அழ வேண்டாம்.

முலுண்ட் அப்பா எழுதியது:

எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. மேலே இருவரும் பரிசோதனை, மருந்து என்று அழகாக எழுதினார்கள். எங்கள் மகளுக்கு ஆஸ்துமாவும் பூனை ஒவ்வாமையும் இரண்டுமே உறுதியானவை. ஆகவே வீட்டுக்குள் பூனையை வைத்துக்கொண்டே சமாளிக்கலாம் என்று இணையத்தில் சொல்லப்படும் வழிகள் எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று எழுதவே வந்தேன்.

படுக்கையறைக்குள் பூனையை விடாதீர்கள் என்பது முதல் வழி. ஒரு படுக்கையறை வீட்டில் நால்வர் இருந்தால் இரவில் யாராவது கூடத்தில் படுப்பார்கள், கூடத்தில் பூனை இருக்கும். அதோடு இந்த ஊரில் கதவை மூடி வைத்தால் புழுக்கம். ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் அடுத்தது. அது காற்றில் மிதப்பதைப் பிடிக்கும், மெத்தையில் படிந்ததைத் தொடாது. பூனையை அடிக்கடி குளிப்பாட்டலாம் என்பார்கள். குறைந்த அளவு ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், நடுவில் உங்கள் கையெல்லாம் கீறல். ஒவ்வாமைக்கான ஊசி மருத்துவம் இருக்கிறது, ஆனால் அது மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தொடர வேண்டியது; தெருப்பூனை ஒன்றுக்காகத் தொடங்குவதற்கு உரியதன்று. இவை எல்லாம் சேர்ந்தால் ஓரளவு பயன் தரும், தனி அறைகள் உள்ள பெரிய வீட்டில். எங்களையும் உங்களையும் போன்றவர்களின் வீட்டில் பூனை இருக்கும் அறையில்தான் பிள்ளையும் மூச்சு விட வேண்டும்.

ஆகவே பரிசோதனையில் பூனை ஒவ்வாமை உறுதியானால் அதை வீட்டுக்குள் எடுக்காதீர்கள் என்பேன். எங்கள் மருத்துவரும் அதையே சொன்னார். பிறகு வெளியே விட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் பூனைக்கும் நல்லதன்று. வீட்டுச் சோற்றுக்குப் பழகிய பூனையை மறுபடி தெருவில் விட்டால் மற்றப் பூனைகள் இடம் கொடுக்காது. பசியால் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. எடுத்த பிறகு மறுப்பதைவிட இப்போதே மறுப்பது மேல்.

மூன்றாம்மாடி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கோலிவாடா அக்கா சொன்னபடி வெளிச்சத்தில் பார்த்தேன். வட்டத்தின் விளிம்பு உயர்ந்துதான் இருக்கிறது. தோல் மருத்துவரிடம் காட்டியதில் படர்தாமரை என்றே சொன்னார், களிம்பு கொடுத்திருக்கிறார். கண் கசக்கலுக்கு அது காரணம் ஆகாது என்பதால் ஒவ்வாமைப் பரிசோதனைக்கும் நாள் குறித்துவிட்டோம். அதுவரை பூனை வாசலுக்கு வெளியே என்று கணவரும் ஒப்புக்கொண்டார். மாமியாருக்கு, காரணம் முடி இல்லை என்பதில் சிறிது வருத்தம். முடிவு தாம் சொன்னதாகவே இருப்பதில் மகிழ்ச்சி.

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பரிசோதனையில் பூனை ஒவ்வாமை இல்லை என்று வந்தால் உடனே உள்ளே எடுக்கலாமா? கட்டடத்தில் வைத்துச் சோறு போட்டால் சொசைட்டி (குடியிருப்போர் சங்கம்) செகரட்டரி சண்டைக்கு வருவார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

மாட்டுங்காக்காரன் எழுதியது:

இன்று இல்லை என்று வந்தால் இனி எப்போதும் வராது என்று பொருளில்லை. உங்கள் மகனின் உடல்வாகு உள்ள பிள்ளைகளுக்குப் புதிதாக ஒவ்வாமை உண்டாவது நடக்கக்கூடியது. அப்படியும் எடுப்பதானால் மழைக்காலம் முடிந்து, அவனுடைய இளைப்பு அடங்கி, மருத்துவர் மருந்தின் அளவைக் குறைத்த பிறகு எடுங்கள். அப்போது இரவு இருமல் திரும்ப வந்தால் காரணத்தைப் பிரித்தறிவது எளிது. மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த உறை போடுவதையும், வாரம் ஒருமுறை விரிப்பைச் சுடுநீரில் துவைப்பதையும் இன்றே தொடங்கலாம். பூனைக்காக அல்ல, சிற்றுண்ணிகளுக்காக.

கோலிவாடா அக்கா எழுதியது:

செகரட்டரியிடம் சட்டத்தை முதலில் எடுக்காதீர்கள், அது கடைசிக்கு இருக்கட்டும். கருத்தடை செய்யப் போகிறோம், இனி குட்டி போடாது, கடுவன்கள் சுற்றிவந்து இரவில் கத்துவதும் குறையும் என்று சொல்லுங்கள். பெரும்பாலான கமிட்டிகள் அந்தக் கத்தலுக்குத்தான் பயப்படுகின்றன. சோற்றைப் படிக்கட்டில் வைக்காமல் வளாகத்தின் பின்பக்கம், ஒரே நேரத்தில் வைத்து, தின்று முடிந்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். மிச்சம் கிடந்தால் எலி வரும், பிறகு உங்கள் பக்கம் யாரும் பேச மாட்டார்கள். விடாமல் தடுத்தால், பிராணி வளர்ப்பதையும் சோறு வைப்பதையும் குறித்து இந்திய விலங்குகள் நல வாரியம் வெளியிட்டிருக்கும் வழிகாட்டுதல்களை அச்செடுத்துக் கொடுங்கள்.

பரேலுக்குக் கொண்டுபோகும்போது, சயனுக்கு அப்பால் ஆட்டோ போகாது என்பதை மறந்துவிடாதீர்கள். செம்பூரிலிருந்தே டாக்ஸி பிடித்துவிடுங்கள், நடுவில் வண்டி மாற்றினால் பூனை மிரண்டு ஓடிவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடையில் பழைய துண்டை விரித்து, மேலே இன்னொரு துண்டால் மூடி, மூடியைக் கயிற்றால் கட்டுங்கள். பூனைக்கும் படர்தாமரை இருக்கலாம் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வந்ததும் இரண்டு துண்டுகளையும் தூக்கிப்போட்டுவிடலாம். அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். காதுப் பொருக்கு ஆறிய பிறகுதான் அறுவை செய்வோம் என்று அவர்கள் சொல்லக்கூடும். அப்படியானால் நாள் தள்ளிப்போகும், அதுவரை அது கடுவனோடு சேராமல் பார்த்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் கூண்டு வைத்திருக்கும் ஒருவரைக் கேட்டுச் சொல்கிறேன்.