‘ஃபனி பாய்’ நாவலும் நாமும்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

ஸ்கார்பரோவிலிருந்து:

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி பாய்’ 1994இல் வெளிவந்தது. நான் அதைப் பதினாறு வயதில் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து, கணிதப் புத்தகத்தின் உறையைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொழும்பில் வளரும் அர்ஜி என்ற தமிழ்ச் சிறுவன், ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டி வீட்டில் கூடும் பெண்பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டு விளையாடுகிறான். சேலை சுற்றி மணப்பெண்ணாக நிற்பவன் அவன்தான். அது பெரியவர்களின் கண்ணில் பட்டதும், பையன்களோடு கிரிக்கெட் விளையாடு என்று விரட்டப்படுகிறான். அந்தப் பக்கங்களை எத்தனை தடவை வாசித்தேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை.

அம்மா உறையைக் கழற்றிப் பார்த்தது எனக்குத் தெரியாது. ஒரு நாள் வேலையால் வந்தவர், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், குசினி மேசையில் இருந்து கடைசிப் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தார். அது 1983 யூலைக் கலவரத்தை அர்ஜியின் நாட்குறிப்பாகச் சொல்லும் பகுதி. அந்த யூலையில் அம்மா வெள்ளவத்தையில் இருந்தவர். வாக்காளர் பட்டியலோடு ஆட்கள் வந்ததையும், பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் தங்களை ஒளித்துவைத்ததையும், பம்பலப்பிட்டி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனதையும், அதுவரை ஒரு சொல்லும் சொல்லாதவர், அன்று இரவு பத்து மணி வரை சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “பெடியன் ஒரு மாதிரியோ?” என்று கேட்டார். அர்ஜியைக் கேட்கிறார் என்று நினைத்து “ஓம்” என்றேன். அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையிலிருந்து:

‘ஃபனி’ என்றால் சிரிப்பூட்டுவது அல்லது விநோதமானது என்றுதான் அர்ஜிக்குத் தெரியும். அப்பா அச்சொல்லைச் சொன்ன தொனியில் இருந்த அருவருப்பு இவ்விரண்டிலும் அடங்கவில்லை என்று அவன் குழம்புகிறான். உங்கள் அம்மாவின் ‘ஒரு மாதிரி’ அந்தத் தொனியையும் சேர்த்தே தமிழில் கொண்டுவந்துவிடுகிறது.

எங்கள் வாசகர் வட்டத்தில் இந்நாவலை எடுத்துக்கொண்டபோது இரண்டு மணி நேரம் கலவரத்தையும் புலப்பெயர்வையும் பற்றியே பேசினார்கள். அர்ஜி காதலிக்கும் ஷெஹான் ஒரு சிங்களப் பையன் என்பதும், குடும்பம் கனடாவுக்குப் புறப்படும்போது அவன் இழப்பது வீட்டை மட்டுமல்ல என்பதும் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு, வயதுவந்தோரின் சம்மத உறவுக்குப் பொருந்தாது என்று 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு நடந்த கூட்டம் அது; ஆகவே சட்டத்துக்கு அஞ்சினார்கள் என்றும் சொல்வதற்கில்லை. நானும் பேசவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மொன்றியலிலிருந்து:

நான் இந்நாவலை வாசித்தது என் அகதி விசாரணை முடிந்த பிறகு. பாலீர்ப்பின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோரும் அகதிப் பாதுகாப்புக்கு உரியோர் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 1993இல், வார்ட் வழக்கில், கூறியிருந்தது. இலங்கையிலோ, நாவல் வெளிவந்த மறு ஆண்டு, ஆண்களுக்கிடையிலான தன்பாலுறவைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டக் கோவையின் 365அ பிரிவைத் திருத்தினார்கள். நீக்குவதற்காக அல்ல, பெண்களையும் அதற்குள் கொண்டுவருவதற்காக.

ஆனால் அன்று என்னைப் பயமுறுத்தியவர் மொழிபெயர்ப்பாளர்தான். எங்கள் ஊர்ப் பக்கத்தவர், என் அப்பாவின் வயது. நான் தன்பாலீர்ப்பாளன் என்பதை எப்போது உணர்ந்தேன் என்ற கேள்வி, அவர் வாயில் “தம்பி, எப்ப இருந்து இப்பிடி?” என்று ஆயிற்று. என் விடையை ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். முடிந்து வெளியே வந்தபின், லிஃப்ட் வரும்வரை பக்கத்தில் நின்றவர், “வீட்டுக்குத் தெரியுமோ?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். தெரியாது என்றேன்.

“நான் சொல்லமாட்டன்” என்றார்.