பெட்டி உடைந்து வந்தது, பில் இல்லை: என்ன செய்யலாம்?

வணக்கம். போன ஞாயிறு துபாயிலிருந்து சென்னை வந்தேன். பெல்ட்டில் வந்த பெட்டியில் ஒரு சக்கரத்தைக் காணோம். மூலையில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அம்மாவுக்கு வாங்கிய பால் பவுடர் டின் நசுங்கி, துணியெல்லாம் வெள்ளை.

நல்லவேளை, வெளியே வருமுன் கவுண்டரிலேயே பி.ஐ.ஆர். (பெட்டி சேதத்தைப் பதிவு செய்யும் அறிக்கை) எழுதி வாங்கிவிட்டேன். இப்போது விமான நிறுவனத்திடமிருந்து 'சக்கரம் போனது தேய்மானம், 1,500 ரூபாய் வவுச்சர் தருகிறோம்' என்று மெயில் வந்திருக்கிறது. தேய்மானத்தில் ஓட்டை விழுமா?

சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். இன்று நாலாவது நாள். இழப்பீட்டு உச்சவரம்பான 1,519 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப்.பின் கணக்கு அலகு) எல்லாம் வேண்டாம், பெட்டி விலை கிடைத்தால் போதும். ஆனால் பில் தொலைந்துவிட்டது. 'சரிசெய்ய முடியாது' என்று ரிப்பேர் கடையில் எழுதி வாங்கினால் ஏற்பார்களா? வவுச்சரை வாங்கிவிட்டால் அப்புறம் ஏர்சேவாவில் (விமானப் பயணிகளுக்கான மத்திய அரசின் புகார் தளம்) புகார் போட முடியாதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.