பையனின் செஸ் கணக்குக்கு என்ன பெயர் வைப்பது? அப்புறம் மாற்ற முடியுமா?

பவானிக்கரை எழுதியது:

வணக்கம். மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான், செஸ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறான். இதுவரை அவன் அப்பாவின் போனில், லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் இருக்கும் அப்பாவின் கணக்கிலேயே ஆடினான். இப்போது அவன் மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் டோர்னமென்ட் வைக்கப் போவதாகவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். வாட்ஸாப் குரூப்பில் ஒரு படிவமும் வந்திருக்கிறது. அதில் கணக்குப் பெயர், பிறந்த தேதி, பள்ளி எல்லாம் கேட்டிருக்கிறார்கள்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து பெயர் கொடுத்துப் பார்த்தோம். அவன் பெயரை மட்டும் போட்டால் யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். இனிஷியல் சேர்த்தாலும் அதே கதை. பின்னால் பிறந்த வருஷத்தைப் போட்டால் கிடைக்கிறது, ஊர்ப் பெயரைப் போட்டாலும் கிடைக்கிறது. பையனுக்கோ முன்னால் ஜிஎம் (கிராண்ட்மாஸ்டர் பட்டத்தின் சுருக்கம்) என்று இருந்தே ஆக வேண்டும். அது கிடைக்காது என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். அவன் அப்பா, "என் கணக்கிலேயே ஆடட்டும், 1600 ரேட்டிங் எதற்கு வீணாகணும்?" என்கிறார். ஆட்டத் திறமைக்குத் தளம் போடுகிற எண்தான் ரேட்டிங்.

சொந்தப் பெயர் வைக்கலாமா? இப்போது ஏதோ ஒன்றை வைத்துவிட்டு அவன் வளர்ந்ததும் மாற்றிக்கொள்ள முடியுமா? அப்பா கணக்கிலேயே விட்டால் என்ன தப்பு? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஏஸ்_திருச்சி எழுதியது:

அக்கா, நான் செஸ் ஆடுவதில்லை. வேலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் மாதிரி துப்பாக்கிச் சண்டை கேம்கள்தான். ஆனாலும் எந்தத் தளமாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே நுழையும் பெயரும் வெளியே தெரியும் பெயரும் ஒன்றா, வேறு வேறா என்பதைத்தான்.

கேம்கள் வாங்கி ஆடுகிற ஸ்டீம் தளத்தில் இரண்டும் வேறு. நுழையும் பெயரைக் கடைசிவரை மாற்ற முடியாது, வெளியே தெரிவதை நினைத்தபோது மாற்றலாம். இரண்டுக்கும் அடியில் 17 இலக்க எண் ஒன்று இருக்கிறது. கணக்கு என்றால் உண்மையில் அந்த எண்தான். வேலோரண்டில் பெயர், ஒரு ஹாஷ் குறி, பிறகு 3 முதல் 5 எழுத்துக்குள் ஒரு வால். வால் வேறாக இருந்தால் ஒரே பெயரை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 90 நாளுக்கு ஒரு தடவை மாற்றவும் விடுவார்கள். மைன்கிராஃப்டில் 30 நாள். ப்ளேஸ்டேஷனில் 2019 ஏப்ரலுக்கு முன்னால் மாற்றவே முடியாது. இப்போது முதல் தடவை இலவசம், அடுத்த தடவையிலிருந்து காசு.

செஸ் தளங்களில் எப்படி என்று ஆடுகிறவர்கள் யாராவது சொல்லட்டும். தெரியாமல் பெயர் வைத்துவிடாதீர்கள்.

குதிரைத்தாவல் எழுதியது:

பவானிக்கரை அம்மா, நான் சேலத்தில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். லிசெஸ்ஸில் எங்கள் வகுப்புக்கென்று ஒரு டீம் வைத்து, அதற்குள் ஸ்விஸ் முறையில் (தோற்றாலும் யாரும் வெளியேறாமல், ஒவ்வொரு சுற்றிலும் புள்ளி நெருங்கியவர்கள் மோதும் முறை) போட்டி நடத்துகிறேன். பிள்ளைகளின் கணக்குப் பெயர்கள் வாரம் தவறாமல் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பவை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மேலே தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி. லிசெஸ்ஸில் அந்த இரண்டு அடுக்கு கிடையாது. நுழைவதும் அதே பெயர், எதிராளி பார்ப்பதும் அதே பெயர். வைத்தது வைத்ததுதான். பெரிய எழுத்து, சின்ன எழுத்தை மட்டும் திருத்தலாம். கணக்கை மூடிவிட்டு அதே பெயரில் புதிதாகத் தொடங்கவும் முடியாது, ஒரு தடவை போன பெயரை அவர்கள் யாருக்கும் திருப்பித் தருவதில்லை. செஸ் டாட் காமில் ஒரே ஒரு தடவை மாற்ற விடுவார்கள். ஐந்தாம் வகுப்பில் வைக்கிற பெயர் பிளஸ் டூ முடித்த பிறகும் கூடவே வரும் என்று நினைத்துக்கொண்டே வையுங்கள். ஆர்வமாக ஆடுகிற பிள்ளை சில வருஷத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்டம் சேர்த்துவிடுவான். அப்புறம் அந்தக் கணக்கை விட்டுவிட்டு வா என்றால் மனசு வராது.

பிறந்த வருஷம் வேண்டாம், ஊர் வேண்டாம், பள்ளி வேண்டவே வேண்டாம். லிசெஸ்ஸில் ஒருவர் கணக்கை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். என்றைக்கு ஆடினான், என்ன நேரத்தில் ஆடினான், இந்த நிமிஷம் ஆன்லைனில் இருக்கிறானா என்பது வரைக்கும் தெரியும். அதோடு பெயர், வயது, ஊர் மூன்றையும் நாமே ஒட்டிக் கொடுத்தால் தெரியாத ஆளுக்கு வேறு என்ன பாக்கி இருக்கிறது?

இதைச் சொன்னால் சில பெற்றோர் கிராண்ட்மாஸ்டர் அலிரேசா ஃபிரூஜாவைக் காட்டுவார்கள். செஸ் டாட் காமில் அவர் பெயர் ஃபிரூஜா2003, பிறந்த வருஷம் அப்படியே நிற்கிறது. பிரக்ஞானந்தா ஆர்பிராக்செஸ் என்று ஆடுகிறார், குகேஷ் முழுப் பெயரிலேயே ஆடுகிறார். வாஸ்தவம்தான். ஆனால் அவர்களை உலகமே அறியும். எதிரே உட்கார்ந்திருப்பது அவர்தான் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கிறது. பத்து வயசுப் பிள்ளைக்கு அந்தத் தேவை இல்லை. உலகச் சாம்பியனாக இருந்த மாக்னஸ் கார்ல்சன்கூட லிசெஸ்ஸில் டாக்டர்நிக்டர்ஸ்டைன் என்ற புனைபெயரில்தான் ஆடினார்.

ஜிஎம் ஆசை நல்ல ஆசைங்க, அதைத் திட்டாதீர்கள். பட்டம் வாங்காதவர் அதைப் பெயரில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று மட்டும் பையனுக்குச் சொல்லுங்கள். பட்டம் வாங்கியவர் தன்னை யார் என்று நிரூபித்தால் தளமே பெயருக்கு முன்னால் அந்த எழுத்துகளைப் போட்டுத் தரும். என் வகுப்பிலும் ஒரு பிள்ளை இதே பிடிவாதம் பிடித்தான். ஒரு கிராண்ட்மாஸ்டரின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பட்டம் தனி நிறத்தில், பெயர் அதற்குப் பக்கத்தில். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்போ முன்னாடி இடம் காலியா இருக்கட்டும் சார்" என்றான். அன்றைக்கே சாதாரணமான ஒரு பெயரை வைத்துக்கொண்டான்.

எப்படிப்பட்ட பெயர் வைக்கலாம் என்றால், போனில் ஒரு தடவை சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் பிழையில்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ் எழுத்தில் வைக்க முடியாது, ஆங்கில எழுத்துதான். அதனால் தமிழ்ச் சொல்லாக இருந்தால் ஒரே விதமாக மட்டும் எழுத வருகிற சொல்லாகப் பாருங்கள். யாழ், மழை, தாழை எல்லாம் கேட்க அழகு. ஆனால் ழகரத்துக்கு ஒருவர் இசட் எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். மயில், கிளி, நிலா மாதிரிச் சொற்களில் அந்த வம்பு குறைவு. இரண்டு சொல்லைச் சேர்த்தால் சுலபமாகக் கிடைக்கும். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாகப் போட்டுவிட்டால் படிக்கவும் எளிது.

பூஜ்ஜியமும் ஓவும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற பெயரை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். சின்ன எல்லுக்கும் ஒன்றுக்கும் இதே தகராறுதான். சமீபத்தில் ஒரு பிள்ளையின் கணக்கில் பூஜ்ஜியம், வீட்டில் நிரப்பிய படிவத்தில் ஓ. டீமில் சேர விண்ணப்பம் வந்தபோது என் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. யாரோ வெளியாள் என்று அதை நிறுத்திவைத்தேன். முதல் சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா போன் பண்ணுகிறார், பிள்ளை பின்னால் அழுகிற சத்தம் கேட்கிறது. ஒரே ஒரு வட்டத்தால் வந்த வினை.

அடுத்து அப்பாவின் கணக்கு. அதை அப்பாவிடமே விட்டுவிடுங்கள். ஒரு கணக்கில் இரண்டு பேர் ஆடினால் அந்த ரேட்டிங் இருவரில் யாருடையதும் இல்லை. பகலில் பையன் 1200 போல ஆடித் தோற்பான், ராத்திரி அப்பா 1700 போல ஆடி மீட்பார். எதிரே ஆடுகிறவருக்கு அது நியாயமில்லை. வேண்டுமென்றே தோற்று ரேட்டிங்கை இறக்குகிறார் என்றோ, யாரோ உதவி செய்கிறார்கள் என்றோ புகார் போகவும் இடம் உண்டு. கணக்கு ஒருவருக்குத்தான் என்பது இந்தத் தளங்களின் விதியும்கூட.

1600 வீணாகும் என்ற கவலையும் வேண்டாம். லிசெஸ்ஸில் நாமே தொடங்குகிற புதுக் கணக்கு 1500-இல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு தொடங்கும். ஆட்டங்கள் சேரச் சேரக் கணக்கீடு உறுதியாகும், கேள்விக்குறி போய்விடும். முதல் வாரத்தில் எண் சரசரவென்று இறங்கும், பையனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே தருகிற ரேட்டிங்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அங்கே 2024 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சமே 1400. அதை ஃபிடேயில் பதிவான ரேட்டட் போட்டியில் ஆடித்தான் வாங்க வேண்டும்.

மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். பாஸ்வேர்டு மறந்தால் அங்கேதான் வழி வரும். பள்ளியில் கொடுத்த மின்னஞ்சல் வேண்டாம், பள்ளி மாறினால் அதுவும் போய்விடும். கணக்குப் பெயர் ஊருக்கே தெரிகிற விஷயம், ஆகவே காவல் முழுக்கப் பாஸ்வேர்டில்தான் இருக்கிறது. அதில் பையன் பெயரையே திரும்பப் போடாதீர்கள்.

நாமக்கல்_நிலா எழுதியது:

சேலம் மாஸ்டர் சொன்ன ஊர், வருஷம் விஷயம் எங்கள் வீட்டில் நடந்தது. மகளுக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்தது அவள் பெரியப்பா பையன். வேறொரு தளம், பெயர் வேண்டாம். அவள் பெயர், ஊர், 2013 மூன்றும் இருந்தது. ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் எதிரே ஆடியவர், "நாமக்கல்லா? ஆறாவதா ஏழாவதா? எந்த ஸ்கூல்?" என்று தங்கிலீஷில் கேட்டிருக்கிறார். அவள் பாதி பதில் அடித்துவிட்டு, அடுக்களையில் இருந்த என்னிடம் போனைக் கொண்டுவந்து காட்டினாள். அந்த ஆளை பிளாக் செய்தோம், புகாரும் கொடுத்தோம். அவர் கெட்டவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர் கேட்டது அத்தனையும் பெயரைப் பார்த்துக் கேட்டது.

அதற்குப் பிறகு லிசெஸ்ஸுக்கு வந்தோம். அங்கே அமைப்புகளில் சிறுவர் முறை என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் அரட்டை, தனிச் செய்தி எல்லாம் மூடிக்கொள்ளும், ஆட்டம் மட்டும்தான். அக்கா, முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

பவானிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நிலா எழுதியதைப் படித்ததும் வருஷம், ஊர் இரண்டையும் விட்டுவிட்டோம். சேலம் மாஸ்டர் சொன்ன மாதிரி அவனுக்கு ஒரு கிராண்ட்மாஸ்டரின் பக்கத்தைக் காட்டினேன். உடனே சமாதானம் ஆகவில்லை, காலையில்தான் ஆனான். ஒரு பறவையும் செஸ் காயும் சேர்ந்த பெயராக அவனே மூன்று எழுதிவைத்திருக்கிறான். அவற்றைப் போனில் என் தங்கையிடம் சொல்லி எழுதச் சொன்னேன். ஒன்றை மட்டும் பிழையில்லாமல் எழுதினாள். அதையே வைக்கப் போகிறோம்.

இன்னும் ஒன்றே ஒன்று. படிவத்தில் பிறந்த தேதி, பள்ளி கேட்கிறார்களே, அதை என்ன செய்வது? குரூப்பில் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். நிரப்பியவர்களின் விவரம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருக்கிறது.

குதிரைத்தாவல் எழுதியது:

பிறந்த தேதி கேட்பதில் காரணம் இருக்கிறதுங்க. 9 வயதுக்குள், 11 வயதுக்குள் என்று பிரிவு பிரிக்க அது வேண்டும். ஆனால் அது மாஸ்டருக்குத் தெரிந்தால் போதும், குரூப்புக்குத் தெரிய வேண்டியதில்லை. கணக்குப் பெயர் பக்கத்திலேயே நிஜப் பெயரும் பள்ளியும் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருந்தால், நீங்கள் புனைபெயர் வைத்ததே வீண். உங்கள் மாஸ்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், தப்பாக நினைக்க மாட்டார். பட்டியலை அவர் மட்டும் பார்க்கிற மாதிரி மாற்ற ஒரு நிமிஷ வேலைதான்.

லிசெஸ்ஸில் ஆசிரியர்களுக்கென்று வகுப்பு வசதி ஒன்று இருப்பதையும் சொல்லிப் பாருங்கள். அதில் மாஸ்டரே பிள்ளைகளுக்குக் கணக்கு உருவாக்கலாம், மின்னஞ்சல்கூடத் தேவையில்லை. நிஜப் பெயர் வகுப்புக்கு வெளியே போகாது, சிறுவர் முறையும் தானாகவே போட்டு வரும். பிள்ளை வளர்ந்ததும் ஒரு மின்னஞ்சலைச் சேர்த்துக் கணக்கை அவன் கைக்கே மாற்றிவிடலாம். ஆட்டங்களும் ரேட்டிங்கும் அப்படியே இருக்கும்.

பவானிக்கரை எழுதியது:

மாஸ்டரிடம் பேசிவிட்டேன். படிவத்தைத் தான் மட்டும் பார்க்கிற மாதிரி மாற்றிவிட்டார், பள்ளி என்ற கட்டத்தையே எடுத்துவிட்டார். வகுப்பு வசதியை அடுத்த மாதம் முயற்சி செய்கிறேன் என்றார். இந்த வாரத்துக்கு நாங்களே கணக்கைத் தொடங்கி, சிறுவர் முறையைப் போட்டாயிற்று. அப்பாவின் போனில் பழைய கணக்கிலிருந்து வெளியேறி, பையனின் கணக்கைப் பழைய டேப்லெட்டில் தனியாக வைத்திருக்கிறோம். நேற்று நாலு ஆட்டம் ஆடினான். 1500 எங்கேயோ இறங்கிவிட்டது, கேள்விக்குறி இன்னும் இருக்கிறது.