ரெட் ஆக்சைடு தரை மேலேயே டைல்ஸ் ஒட்டலாமா?

கேள்வி: கிராமத்துப் பழைய ஓட்டு வீடு. கூடத்தில் ரெட் ஆக்சைடு தரை (சிவப்புச் சாயத்தூளைச் சிமெண்டில் கலந்து பூசியது). அதில் சுவரோரமாக வெள்ளை பூக்கிறது. நடுவில் முடி போல மெல்லிய வெடிப்பு. இரண்டு இடத்தில் தட்டினால், அடியில் காலியாக இருப்பது போல் பொள்ளல் சத்தம். தரையை உடைக்காமல் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில் 1: வேண்டாங்க. வெள்ளையாப் பூக்குறது உப்பு, ஈரம் கீழேயிருந்து ஏறுது. டைல்ஸ் போட்டு மூடினா அந்த ஈரம் சுவர்ல ஏறி பூச்சு உதிரும். வெளியே மண் மட்டம் உள்தரையை விட உசந்திருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா வெட்டி இறக்குங்க. உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு அள்ளணும். தண்ணி ஊத்திக் கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ளேயே போகும்.

பதில் 2: பொள்ளல் இடத்தைச் சதுரமாக வெட்டி எடுங்கள். அடியில் 1:3 சிமெண்ட், மணல் கலவை ஒரு அங்குலம். அது முழுசாக இறுகும் முன்பே மேல்பூச்சு: ஆக்சைடு 1 பங்கு, சிமெண்ட் 3 பங்கு, காய்ந்த நிலையிலேயே சலித்துக் கலந்தது. இறுகிய பிறகு பூசினால் பொருக்காக எழும்பும். கரணையால் அழுத்தித் தேய்த்து, ஏழு நாள் ஈரச்சாக்கு போடுங்கள். ஒட்டுப்போட்ட இடம் நிறத்தில் தனியாகத்தான் தெரியும், கொத்தனார் என்ன சொன்னாலும்.

பதில் 3: முடி வெடிப்பை நோண்ட வேண்டாம். ஆசிட் பக்கமே போகாதீங்க, நிறம் வெளுத்துடும். நல்லா காய்ஞ்சதும் தேங்காய் எண்ணெயைத் துணியில தொட்டு மெலிசாத் தேய்ங்க. மிச்சத்தைத் துடைக்கலேன்னா வழுக்கும்.