‘ரெட் டெய்ல்ஸ்’: “ஒரு குண்டுவீச்சு விமானத்தைக்கூட இழக்கவில்லை” என்பது உண்மையா?

மாலைக்காட்சி (கேள்வி)

ஜார்ஜ் லூகாஸ் தயாரித்து 2012இல் வெளிவந்த ‘ரெட் டெய்ல்ஸ்’ படத்தை அண்மையில் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியிலிருந்து பறந்த அமெரிக்கக் கறுப்பின விமானிகளின் கதை. வான்சண்டைக் காட்சிகள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் இனவெறி என்று படம் காட்டுவது பெரும்பாலும் ஒரு மேலதிகாரியின் இளக்காரப் பேச்சும், அதிகாரிகள் மன்றத்தில் நடக்கும் ஒரு கைகலப்பும்தான். அவர்கள் எதிர்கொண்டது இவ்வளவுதானா? மேலும், இவர்கள் காவலாகச் சென்ற குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றைக்கூட எதிரியிடம் பறிகொடுத்ததில்லை என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். இப்படத்துக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிறேன்; அந்த வரியைச் சேர்க்கலாமா?

பழஞ்சுவடி

சேர்க்க வேண்டாம். அமெரிக்க விமானப்படையின் வரலாற்றாய்வாளர் டேனியல் ஹால்மன், போர்க்கால அறிக்கைகளை ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டுப் பார்த்து, இவ்விமானிகளின் 332ஆவது போர்விமானக் குழுமத்தின் காவலில் இருந்த 27 குண்டுவீச்சு விமானங்கள் எதிரி விமானங்களால் வீழ்த்தப்பட்டன என்று நிறுவியிருக்கிறார். அதே 15ஆவது வான்படையில் காவற்பணி செய்த மற்றக் குழுமங்களின் சராசரி இழப்பு 46. ஆகவே, கட்டுக்கதையை எடுத்துவிட்டாலும் அவர்களுடைய பெருமை குறைந்துபோவதில்லை.

இதில் ஒரு விந்தையும் உண்டு. ஒரு விமானமும் இழக்கப்படவில்லை என்ற செய்தியை ‘சிகாகோ டிஃபெண்டர்’ இதழ் வெளியிட்டது 24 மார்ச் 1945 அன்று. அன்றுதான் இவர்கள் பெர்லின் வரை காவலாகப் பறந்து, ஜெர்மனியின் மீ-262 ஜெட் விமானங்கள் மூன்றைச் சுட்டு வீழ்த்தினார்கள். அன்றைய பயணத்திலேயே காவலில் இருந்த குண்டுவீச்சு விமானங்கள் சிலவும் வீழ்ந்தன.

நெடுவழி

முதல் கேள்விக்கு வருகிறேன். படம் 1944இல், இத்தாலியில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கதைதான் கனமானது, அதைப் படம் தவறவிட்டது என்பதே என் குறை.

கறுப்பினத்தவர் போருக்குத் தலைமை தாங்கத் தகுதியற்றவர்கள் என்று 1925இலேயே அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி ஆய்வு என்ற பெயரில் ஓர் அறிக்கை எழுதி வைத்திருந்தது. பிற்காலத்தில் இந்த 332ஆவது குழுமத்துக்குத் தலைமை தாங்கிய பெஞ்சமின் டேவிஸ், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பயின்ற நான்கு ஆண்டுகளும் சக மாணவர்கள் கடமைக்கு வேண்டியதைத் தவிர அவரிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அறையைப் பகிர்ந்துகொள்ளவும் யாரும் இல்லை. அப்படியிருந்தும் 1936இல், 276 பேரில் 35ஆவதாகத் தேறினார். அலபாமாவின் டஸ்கீகியில் தனியாக, கறுப்பினத்தவருக்கென்றே பயிற்சித் தளம் அமைத்த பிறகும் நிலை மாறவில்லை. 1943இல், அங்கே பயிற்சி பெற்ற 99ஆவது அணி டேவிஸின் தலைமையில் வட ஆப்பிரிக்காவில் போருக்குள் இறங்கிய சில மாதங்களிலேயே, அவர்களிடம் போர்க்குணம் போதவில்லை என்று கர்னல் வில்லியம் மோமையர் அறிக்கை அனுப்பினார். டேவிஸ் வாஷிங்டன் சென்று விசாரணைக் குழுவின்முன் தம் அணிக்காக வாதாட வேண்டியிருந்தது. பின்னர் 1944 ஜனவரியில், அன்சியோ கடற்கரைக்கு மேலே, இரண்டே நாட்களில் அந்த அணி ஒரு டஜன் ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியது.

மன்றத்துக் கைகலப்பைப் படம் இத்தாலியில் வைக்கிறது. ஆனால் உண்மையான மன்றப் போராட்டம் நடந்தது அமெரிக்க மண்ணில். 1945 ஏப்ரலில், இண்டியானாவின் ஃபிரீமன் ஃபீல்டு விமானத்தளத்தில், வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என்று பிரித்த மன்றங்களுக்கு ‘பயிற்றுநர்’, ‘பயிற்சி பெறுவோர்’ என்று பெயர் சூட்டி, அந்த விதியைப் படித்து ஏற்றதாகக் கையொப்பமிடச் சொன்னார்கள். 101 கறுப்பின அதிகாரிகள் மறுத்துக் கைதானார்கள். அங்கே ஒருவரும் கைநீட்டவில்லை என்று சொல்ல முடியாது. ஓர் அதிகாரியைத் தள்ளியதாக ஒருவருக்கு மட்டும் தண்டனை கிடைத்தது, அதுவும் 1995இல் நீக்கப்பட்டது. ஆனால் நாகரிகமான அலுவலக மொழியில் எழுதிய ஒரு தாள்தான் அங்கே வில்லன். அதைத் திரையில் காட்டுவது எளிதன்று. ஏளனமாகச் சிரிக்கும் ஒரு கர்னலைக் காட்டுவது எளிது.

திரைச்சீலை

நெடுவழி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனாலும் படத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஏறக்குறைய முழுவதும் கறுப்பின நடிகர்களைக் கொண்ட படம் என்பதால் ஸ்டுடியோக்கள் பணம் போட முன்வரவில்லை என்று லூகாஸ் வெளிப்படையாகவே கூறினார். தம் சொந்தப் பணத்தில் எடுத்தார். அவர் விரும்பியது பழைய பாணிச் சாகசப் படம். பயிற்சிக் காலத்தைப் பார்க்க விரும்பினால், 1995இல் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட ‘தி டஸ்கீகி ஏர்மென்’ இருக்கிறது. கியூபா குடிங் ஜூனியர் இரண்டிலும் நடித்திருக்கிறார்.

மாலைக்காட்சி

மிக்க நன்றி. விமானமே இழக்கவில்லை என்ற வரியை நீக்கிவிட்டு, 27, 46 என்ற இரு எண்களையும் அருகருகே வைத்து எழுதப்போகிறேன். அந்தக் கர்னலைப் பற்றி எழுதியிருந்த பத்தியையும் திருத்த வேண்டும். 1995ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்த பிறகே அதைத் தொடுவேன்.