ரத்தத்துல, இமையில, நுரையீரல்ல: கொழுப்பை நேர்ல பார்த்தவங்க எழுதுங்க

லேப்_மாமா:
நைட் டியூட்டி. வயித்துவலின்னு கேஷுவால்டிக்கு வந்தவரோட ரத்தம். மெஷின்ல சுழல விட்டு எடுத்தா, மேல பிரியற சீரம்ங்கற நீர் வைக்கோல் நிறத்துல தெளிவா நிக்கணும். இது சுத்தமா பால். ட்யூபுக்குப் பின்னாடி விரலை வெச்சேன், விரலே தெரியல. மெஷின் எரர் காட்டுச்சு. டைல்யூட் பண்ணி ஓட்டினா டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்துல ஓடுற ஒரு வகைக் கொழுப்பு, 3000-ஐத் தாண்டுது. 1000 தாண்டினாலே கணையம் வீங்கலாம். இவருக்கு வீங்கியே போச்சு. குடி, கூடவே கவனிக்காம விட்ட சுகர். எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) கணக்குப் போடவும் வழியில்ல, டிரைகிளிசரைடு 400-க்கு மேல போனா அதுக்கான ஃப்ரீட்வால்ட் சூத்திரம் செல்லாது. மிச்ச சீரத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சேன், காலைல மேல ஏடு கட்டி நிக்குது. கைலோமைக்ரான். குடல்ல இருந்து கொழுப்பைச் சுமந்துட்டு வர்ற உருண்டை, சாப்பிட்ட சில மணி நேரத்துல கரைஞ்சு போயிடணும். இவரு முந்தின நாள்ல இருந்தே வாந்தி, எதுவும் சாப்பிடல. அவங்க வீட்டம்மா ட்யூபைப் பார்த்துட்டு, "தம்பி, இது அவரோடதுதானா, மாத்தி வெச்சிட்டீங்களா?"ன்னாங்க. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.

செக்கு_எண்ணெய்:
அண்ணே, பயமுறுத்தாதீங்க. எங்க தாத்தா தேங்காய் எண்ணெய்லயே 90 தாண்டினார். கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன், நல்லாத்தான் இருக்கேன். அனுபவம் அவ்வளவுதான். எல்லாரும் இதைச் செய்ங்க: காலைல வெறும் வயித்துல ஒரு ஸ்பூன் செக்கு எண்ணெய். ராத்திரி பூண்டுப் பால். மைதாவை வீட்டுக்குள்ளயே விடாதீங்க. வாரம் ஒரு தடவை எண்ணெய்க் குளியல், அதுவும் சனிக்கிழமை. பாக்கெட் எண்ணெய் வாங்குறவங்களுக்கு நான் என்ன சொல்ல. வெளிநாட்டு ஆராய்ச்சியை நம்பினா மாத்திரைதான் மிஞ்சும்.

மஞ்சள்_இமை:
மேல உள்ளவருக்கு: தாவர எண்ணெய் எதுலயும் கொலஸ்ட்ரால் கிடையாது, சரி. ஆனா தேங்காய் எண்ணெயோட நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்-ஐ ஏத்தும். தாத்தாவை வெச்சு ஊருக்கே வைத்தியம் சொல்லாதீங்க. எனக்கு முடி வெட்டுறவர்தான், "தம்பி, மூக்கோரத்துல இமையில மஞ்சளா என்னது?"ன்னு கேட்டார். ஒல்லி ஆளு நான், முட்டைகூட சேர்க்காத வீடு. எல்டிஎல் 290. டாக்டர் ரிப்போர்ட்டை அப்பறம்தான் பார்த்தார். முதல்ல குதிகாலுக்கு மேல இருக்கற தசைநாணைப் பிடிச்சு அமுக்கினார், கொழுப்பு படிஞ்சு தடிச்சிருந்தது. "அப்பா இருக்காரா?" "42-ல நெஞ்சுவலி வந்து போயிட்டார்." பேனாவை மூடி வெச்சுட்டு, "தம்பி தங்கச்சி எல்லாரையும் கூட்டிட்டு வாங்க"ன்னார். பரம்பரைக் கோளாறு. எல்டிஎல்-ஐப் பிடிச்சு கல்லீரலுக்குள்ள இழுக்கற ஏற்பி சரியா வேலை செய்யல. அந்த ஏற்பியைக் கண்டுபிடிச்ச பிரவுன், கோல்ட்ஸ்டைன் ரெண்டு பேருக்கும் 1985-ல நோபல் குடுத்தாங்க. இதுக்கு எந்தச் செக்கு வந்து என்ன செய்யும்?

குறைமாசத்_தாய்:
சண்டைக்கு நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எல்லாரும் கொழுப்பு கூடுனதையே எழுதுறீங்க. என் பொண்ணுக்கு இல்லாம போச்சு. 29 வாரத்துல பிறந்தா. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள போய் ஒட்டிக்கும், ஒரு முனகல் சத்தம் வேற. நர்ஸம்மா சின்னக் குப்பி ஒண்ணைக் கைக்குள்ள பொத்திச் சூடு பண்ணிட்டு இருந்தாங்க. உள்ள வெள்ளையா தண்ணி. சர்ஃபாக்டன்ட். "நுரையீரலுக்குள்ள இருக்கற கொழுப்பும்மா, பாஸ்போலிப்பிட். இது இல்லைன்னா காத்துப்பை மூச்சு விடும்போதெல்லாம் சுருங்கி ஒட்டிக்கும்"னாங்க. மாட்டு நுரையீரல்ல இருந்து எடுக்கறதாம். எங்க மாமியார் அதைக் கேட்டு முகம் சுளிச்சாங்க, அப்பறம் அவங்களே "போடுங்க, போடுங்க"ன்னாங்க. குழாய் வழியா விட்டாங்க. மானிட்டர்ல எண் ஏறுறதைவிட, நெஞ்சுல அந்தக் குழி குறையுறதைத்தான் நான் பார்த்துட்டே இருந்தேன். 1963-ல அமெரிக்க அதிபர் கென்னடியோட குழந்தை பிறந்து ரெண்டு நாள்ல இதே நோய்லதான் இறந்துச்சு. அப்ப இந்த மருந்து கிடையாது. 1980-ல ஜப்பான்ல முதல்முதலா குழந்தைகளுக்குக் குடுத்துப் பலன் பார்த்தாங்க.

செக்கு_எண்ணெய்:
குழந்தை நல்லா இருக்கா அம்மா? நான் சொன்னது பெரியவங்களுக்கு மட்டும்தான்.

குறைமாசத்_தாய்:
இப்ப ஸ்கூல் போறா சார்.

லேப்_மாமா:
செக்கு சாரே, மாத்திரையை நிறுத்தின பிறகு டெஸ்ட் எடுத்தீங்களா இல்லையா? ஏறிக் கிடந்தாலும் ஒண்ணும் வலிக்காது. மஞ்சள்_இமை, தம்பி தங்கச்சிக்கு எடுத்தாச்சா?

மஞ்சள்_இமை:
தங்கச்சிக்கு நார்மல். தம்பி வரமாட்டேங்கறான்.